மழலைத் துயிலும் மறக்கருணையும்

மக்களை வளர்த்தல் இல்லறத்தார்க்கு உரிய கடன்களுள் தலையாயது. அக்கடனைக் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் குழந்தை எழுத்தறியத் தொடங்கும் பருவத்தையும் அதற்குப் பிற்பட்ட பருவங்களையுமே கருத்திற் கொள்வர். அதற்கு முற்பட்ட ஈராண்டு மூவாண்டுப் பருவமும், அதனுள்ளும் அப்பருவத்து இரவுப்பொழுதும், அறவாராய்ச்சிக்கு உரிய பொருளெனக் கொள்ளப்படுதல் அரிது. ஆயினும், ஒருவனிடத்துள்ள அன்பு எத்துணை, பொறை எத்துணை, சினம் எத்துணை என்பன அவை நடுவே விளங்குதலினும், நள்ளிரவில் உறங்க மறுக்கும் தன் மகவின் முன்னரே தெளிவாக விளங்கும். ஆதலின், சித்தாந்த நூற்பயிற்சியுடையார் இதனைச் சிறுபொருளென்று இகழாது ஆராய்தல் தகும்.

நிகழ்ச்சி யாவரும் அறிந்ததே. இராவுணவு முடிந்து, பாய் விரித்து, விளக்கைத் தணித்த அளவிலே மழலைக்குப் புதியதோர் ஊக்கம் பிறக்கின்றது. முதலில் தண்ணீர் வேண்டும் என்னும்; தண்ணீர் வந்தபின் செம்பைக் கவிழ்த்து, நனைந்த பாயைக் கையால் தட்டிச் சிரிக்கும்; பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பாக்கை இறைக்கும்; போர்வைக்குள் ஒளிந்துகொண்டு தன்னைத் தேடுமாறு கூவும்; உறங்கிவிட்ட தமையனின் கண்ணிமையை விரலால் திறந்து பார்க்கும். அதட்டினாற் சிரிக்கும், பின்னும் அதட்டினால் அழும், அழுகை ஓய்ந்தவுடன் மீண்டும் தண்ணீர் கேட்கும். விடியுமுன் எழுந்து வீட்டு வேலை பார்க்க வேண்டிய தாய்க்குக் கண் எரிகின்றது. தந்தைக்கோ, அண்டை வீட்டார் கேட்பரே என்னும் நாணம். இந்நிலையிற் கை ஓங்குகின்றது. அங்ஙனம் ஓங்கிய கை அறத்தின்பாற்பட்டதா, அன்றா என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட வினா.

தடையும் விடையும்

அறத்தின்பாற்பட்டதே என்பார் சைவருள்ளும் உளர். அவர் தம் கூற்றுக்குச் சான்றாகச் சிவஞான சித்தியார் சுபக்கத்தையே காட்டுவர். ஆண்டு அருணந்தி சிவாசாரியார், தம் சொற்படி நடவாத புதல்வரைத் தாய்தந்தையர் கடிதலும், மெல்லிய கோலால் அடித்தலும், கட்டிவைத்தலும் நுணுகி நோக்குமிடத்து அன்பின் செயல்களே. இறைவன் உயிர்களை ஒறுத்தலும் அத்தன்மைத்தே என்னும் கருத்துப்பட விளக்கியருளினார். பெற்றோரின் அடியை ஆசிரியரே அன்பென்று கூறிவிட்ட பின்னர் இனி ஐயம் என்னை என்பது அவர் கடா.

இத்தடை வலியுடையது, எளிதிற் கடக்கற்பாலதன்று. ஆயினும், ஆசிரியர் அவ்வுவமையை எடுத்தது எதனை நிலைநாட்டுதற்கு என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும். இறைவன் ஒறுப்பன் எனின் அவன் விருப்பு வெறுப்பு உடையனாவானே என்னும் ஐயத்தை நீக்குதலே ஆண்டுக் கருதிய பொருள். அதற்காக, யாவரும் அறிந்த பெற்றோர் செயல் உவமையாகக் கொள்ளப்பட்டது. பெற்றோரிடத்து அன்பு உண்டென்பது அவ்வுவமையில் முன்னரே கொண்டுவைத்த பொருள். அன்பினின்று பிறந்த ஒறுப்பு, சினம் போலத் தோன்றினும் சினமன்று என்பதே ஆசிரியர் கூறியது. ஒறுப்பெல்லாம் அன்பாம் என்று அவர் விதித்திலர். முகத்திற்கு மதியை உவமை கூறியவழி மதியின் களங்கத்தை முகத்தின்மேல் ஏற்றுவார் இலர். அதுபோலவே, இறைவன் செயலை விளக்க வந்த உவமையைத் திருப்பிப் பிடித்து, ‘யாமும் இறைவனைப் போல ஒறுத்தற்கு உரியேம்’ என்று தமக்கு உரிமைச் சீட்டாக்கிக் கொள்ளுதல் முறையன்று.

இரண்டாவதாக, அவ்வுவமை சொல்வழி நில்லாத புதல்வரைப் பற்றியது. சொல்வழி நில்லாமை என்பது நான்கு உறுப்புடையது: சொல் செவியிற் படுதல், அதன் பொருள் விளங்குதல், அச்செயல் செய்தற்கு இயலுவதாதல், இயன்றும் செய்ய மறுத்தல். ‘கதவைச் சாத்து’ என்பது ஆணைக்கு அடங்கும் செயல். ‘உறங்கு’ என்பதோ அத்தகையதன்று. வளர்ந்து அறிவு நிரம்பிய ஒருவனே, நாளை விடியற்கு முன் எழவேண்டும் என்று எண்ணிப் படுத்த இரவில், தன் கண்ணுக்குத் தானே ஆணையிட்டு உறக்கத்தை வருவிக்க மாட்டாது புரளுகின்றான். தன் ஆணைக்கு வாராத ஒன்றை மகவு தன் ஆணையால் வருவித்திலது என்று அடித்தால், அது கீழ்ப்படியாமைக்கு இட்ட தண்டமாகாது. இயலாமைக்கு இட்ட தண்டமேயாம்.

அற்றேல், உறங்காவிடினும் அசையாது கிடத்தல் இயலுமன்றோ எனின், அதுவும் அப்பருவத்திற்கு முற்ற இயலுவதன்று. எழுந்த விருப்பைத் தடுத்து நிறுத்தும் ஆற்றலுக்கு இடமாகிய மூளையின் முன்பகுதி மக்கட்கு இருபத்தைந்து வயதளவிலேயே முதிர்ச்சி எய்துகின்றது என இக்கால மருத்துவர் கண்டுள்ளனர். கருவி முதிராதவழிக் காரியம் நிரம்பாது என்பது நமக்கும் உடன்பாடே.

மூன்றாவது, இறைவன் நின்மலன், அவனுக்கு இளைப்பில்லை. பெற்றோரோ மலத்தாற் கட்டுண்டவர். பகலெல்லாம் உழைத்து இளைத்தவர். அவர் கை ஓங்குவது மகவின் நலம் கருதியோ, தம் இளைப்புத் தீரும்பொருட்டோ என்பதை அவரே தம்முள் ஆராய்தல் வேண்டும். அதற்கு எளியதோர் அளவை உண்டு. இரவிற் கண்ட அதே குறும்பை நன்கு உறங்கி எழுந்த காலையிற் கண்டிருப்பின் யாது செய்திருப்போம்? நகைத்திருப்போம் எனின், இரவில் ஓங்கிய கைக்குக் காரணம் மகவின் குற்றமன்று, நம் கண்ணெரிச்சலே என்பது போதரும். அக்கையை மறக்கருணை என்று பெயரிட்டு அழைத்தல் இறைவன் திருச்செயலுக்கு இழுக்கு உண்டாக்குவதாம்.

துயிலின் இயல்பு

இனித் துயில் எத்தன்மைத்து என்பதை நோக்குவாம். சகலநிலையில் உள்ள உயிர் நனவினின்று படிப்படியே கீழிறங்கும் முறையை நம் நூல்கள் நுட்பமாக வகுத்துள்ளன. நனவிற் புருவநடுவே 35 கருவிகளோடு நின்ற உயிர், கனவிற் கண்டத்தில் 25 கருவிகளோடும், உறக்கத்தில் இதயத்தில் 3 கருவிகளோடும், பேருறக்கத்தில் உந்தியில் 2 கருவிகளோடும் நின்று, உயிர்ப்படங்கலில் மூலாதாரத்தில் ஒன்றேயாய் நிற்கும். கருவிகள் ஒருசேர விழுவன அல்ல. ஒன்றன்பின் ஒன்றாகக் கழல்வன. இம்முறையை அறிந்தார், ஓடியாடி ஆரவாரித்துக் கொண்டிருந்த குழவி விளக்கணைந்த மறுகணமே உறங்குதல் வேண்டும் என்று எதிர்பாரார். படிகளில் இறங்க வேண்டியதைப் பாய்ந்து இறங்கு என்பதனோடு அஃது ஒக்கும்.

இக்கால உடனூலாரும் தம் நெறியில் இதற்கு இயைந்ததொன்றே கூறுகின்றனர். விழித்திருக்கும் பொழுதெல்லாம் உடலிற் சேர்ந்து வளரும் துயில்வேட்கை ஒன்று, இரவுபகல்களை அளக்கும் உள்ளுடற் கடிகை ஒன்று என இரண்டும் கூடியே துயிலை வருவிக்கின்றன எனச் சூரிக் நகரத்து அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் வகுத்துரைத்தார். அக்கடிகையின் நுண்ணிய இயக்கத்தைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் மூவர்க்கு 2017இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. இரவில் மூளையிற் சுரந்து துயிற்குத் துணையாகும் மெலட்டோனின் என்பது 1958இற் கண்டறியப்பட்டது. அச்சுரப்பு மிக்க ஒளியாற் குன்றும். ஓராண்டு ஈராண்டு மகவுக்குப் பகலுறக்கம் உட்பட நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூவாண்டு நான்காண்டு மகவுக்கு 10 முதல் 13 மணி நேரமும் துயில் வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. பிற்பகலில் நெடுநேரம் உறங்கிய மகவுக்கு இரவில் வேட்கை நிரம்பாமையும், வரம்பு கடந்து இளைத்த மகவு அடங்குதற்கு மாறாகக் கிளர்ச்சி மிகுதலும் இவற்றால் விளங்கும். பெற்றோர் குறும்பென்று காண்பதன் ஒரு பகுதி இளைப்பே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அழித்தற்றொழிலை இளைப்பாற்றுதல் என்று கொள்வது நம் ஆசிரியர்களின் துணிபு. பிறந்திறந்து எய்த்த உயிர்கட்கு இறைவன் அருளும் ஓய்வே சங்காரம். நாள்தோறும் வரும் துயில் அப்பேரொடுக்கத்திற்கு ஓர் சிறு சாயல் எனலாம். இளைப்பாற்றுதற்கென அமைந்த ஒன்றினுள், அடித்தும் அச்சுறுத்தியும் ஓர் உயிரைத் தள்ளுதல் முரணன்றோ?

குறும்பின் மூலம்

மகவு ஏன் உறங்க மறுக்கின்றது? கேவலத்தில் அறிவும் செயலும் இன்றிக் கிடந்த உயிருக்குக் கலை, வித்தை, அராகம் என்பவற்றின் வாயிலாகச் செயலும் அறிவும் இச்சையும் சிறிது விளங்குகின்றன. ஈராண்டு மகவு இவ்விளக்கத்தைப் புதிதாகப் பெற்றுக் களிப்பது. கருவிப்பெட்டியை முதன்முதற் கையிற் பெற்ற தச்சச்சிறுவன் கண்ட மரத்தையெல்லாம் செதுக்கிப் பார்த்தலைப் போல, அது செம்பைக் கவிழ்த்தும் பாக்கை இறைத்தும் தன் கருவிகளை ஆண்டு பார்க்கின்றது. செம்பு கவிழ்ந்தால் நீர் யாது செய்யும் என்பது நமக்குப் பழைய செய்தி, அதற்கோ புத்தறிவு. உறங்கினால் இவ்வுலகம் கைவிட்டுப் போகின்றது. ஆகவே உறங்க மறுக்கின்றது. அன்றியும், தாயைப் பிரிதற்கு அஞ்சும் அச்சம் இப்பருவத்தில் மிகுதி. கண்ணை மூடினால் தாய் மறைகின்றாள். மறைந்தவள் மீள வருவாள் என்னும் உறுதி அதற்கு இன்னும் நிலைத்திலது.

இதனால் மழலைக்கு வினை இல்லை என்று கூறியதாகக் கொள்ளற்க. பிராரத்தமின்றிப் பிறவி இல்லை. ஆயினும் அவ்வினைக்கு ஏற்பப் பயனூட்டுவோன் இறைவன். பெற்றோரிடத்து அவன் ஒப்படைத்தது வளர்க்கும் தொழிலே. வழக்கைக் கேட்டுத் தண்டம் விதிக்கும் இருக்கை ஒன்றைத் தொட்டிலின் பக்கத்தில் அவன் இட்டுவைத்தானல்லன்.

நம் புலவர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பிள்ளைத்தமிழில் துயிற்றும் தாலப்பருவத்திற்கு இடம் வகுத்தாற்போலவே, ஆண்பாற் பிள்ளைத்தமிழில் மகளிர் மணலிற் கட்டிய சிறுவீட்டை அழிக்கும் குறும்புக்கும் சிற்றிற்பருவம் என ஓரிடம் வகுத்தனர். தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகரின் மாணவராகிய குமரகுருபரர் புள்ளிருக்குவேளூர் முத்துக்குமாரசுவாமியின்மேற் பாடியருளிய பிள்ளைத்தமிழிலும் அப்பருவம் உண்டு. வீடிழக்கும் சிறுமியர் ஆண்டு வேண்டிக்கொள்ளுகின்றனரேயன்றி ஒறுக்கப் புகுகின்றிலர். குறும்பைப் பருவத்தின் இயல்பாகக் காணும் கண் அது.

இரு புராணச் செய்திகள்

மழலைமேற் கோலோங்கிய தந்தையர் இருவரைத் திருத்தொண்டர் புராணத்திற் காண்கின்றோம். இருவர் செயலும் ஈண்டு ஆராயத்தக்கன.

வேடர் கோமானாகிய நாகன், தன் மகன் திண்ணன் பார்வைப் புலியின் பிளந்த வாயைக் குகையென்று எண்ணிக் கையை நீட்டக் கண்டான். பசுந்தழை ஒன்றைக் கைக்கொண்டு ஓங்கினான். குழந்தையின் கண் கலங்கியது. தாயின் முத்தம் அக்கலக்கத்தை மாற்றியது. ஆண்டு இடர் உண்மையானது. தந்தையின் உள்ளத்து நின்றது பரிவு. எடுத்ததும் இலை செறிந்த தழை. பின்னர் அணைப்பு உடனே வந்தது. தீயையும் கிணற்றையும் நாடிச் செல்லும் மழலையைக் கடிந்து தடுத்தல் இவ்வகையினது; அதனை அறமன்று என்பார் எவரும் இலர்.

சீகாழியிற் சிவபாதவிருதயர் குளத்தினின்று கரையேறி, மூன்றாண்டு மகவின் கடைவாயிற் பால் ஒழுகக் கண்டார். எவர் அளித்த எச்சிற்பாலோ என்று வெகுண்டு, சிறு கோலை ஓங்கி வினாவினார். குழந்தை விடை கூறிய பின்னரன்றோ அப்பால் உமையம்மை ஞானத்தைக் குழைத்து ஊட்டியது என்பது தெரியவந்தது! ஓங்கிய கோல் வீழ்வதற்கு முன் வினா ஒன்று எழுந்தமையால் உலகம் திருஞானசம்பந்தப் பிள்ளையாரின் திருவாக்கைக் கேட்டது. எல்லா மழலையும் பிள்ளையாராகா. அதனை யாம் கூறவந்திலேம். மழலையின் செயற்குக் காரணம் நாம் காண்பதன் புறத்தேயும் இருத்தல் கூடும் என்பதும், ஆகவே கை வீழ்வதற்கு முன் வினா எழவேண்டும் என்பதும் எல்லார்க்கும் பொருந்தும். உறங்காத மகவுக்குச் செவிநோவு இருக்கலாம், பல் முளைக்கலாம், வயிறு பசிக்கலாம், கனவிற் கண்டதொன்றை எண்ணி அஞ்சலாம். சொல்லத் தெரியாத உயிரின் நோவுக்குக் குறும்பென்று பெயரிட்டு விடுதல் எளிது.

பொய்த் துயில்

அடியாமலே உறக்கத்தை வலிந்து வருவிக்கும் வழிகளும் உள. அவை அடியினும் தீயனவாதல் உண்டு. அமெரிக்க நாட்டில் 1849 முதல் விற்கப்பட்டு வந்த வின்ஸ்லோ அம்மையாரின் தணிப்புச் சாறு, அழும் குழவியை நொடியில் உறங்கச் செய்ததென்று பெயர்பெற்றது. அதனுள் இருந்தது அபினியின் சத்தாகிய மார்பின். எத்தனையோ குழவிகள் அவ்வுறக்கத்தினின்று எழுந்தில. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1911இல் அதனை மகவுகளைக் கொல்லும் சரக்குகளுள் ஒன்றாக எடுத்துக் கண்டித்தது. பம்பாயிற் பஞ்சாலைக்குச் சென்ற தாயர் 1920ஆம் ஆண்டுகளில் மகவுக்கு அபினி உருண்டை கொடுத்துப் படுக்கவைத்ததும் அறிந்ததே. அவர் வறுமையாற் செய்தனர். அவரை இகழ்தல் தகாது. ஆயினும் துயில் வேறு, மயக்கம் வேறு. இளைப்பாற்றுதல் முன்னையதன் பயன். பின்னையதோ கருவிகளை அறைந்து வீழ்த்துவது. இக்காலத்தே கைப்பேசியின் ஒளித்திரையைக் காட்டி மகவை அசையாதிருக்கச் செய்வாரும் இதனை எண்ணுக. அது மயக்கி வைக்குமேயன்றித் துயிற்றாது. அவ்வொளியே துயிலைத் தள்ளிவைக்கும்.

அழுகையை அடக்க மகவைப் பற்றி வலிந்து குலுக்குதல் இன்னும் கொடிது. அங்ஙனம் குலுக்கப்பட்ட குழவியின் தலையோட்டினுள் குருதி கசிதல் கூடும் என 1971இல் கத்கெல்ச் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் எடுத்துக்காட்டினார். பொறை இழந்த ஒரு கணம் ஓர் உயிரின் வாழ்நாள் முழுமையையும் கெடுத்துவிடும். அத்தகைய கணம் வந்தது என்று உணர்ந்த பெற்றோர், மகவைப் பாயிற் பத்திரமாகக் கிடத்திவிட்டு, அது அழினும் அழுக என்று சிறிதுபொழுது அப்பாற் சென்று நிற்றலே நன்று.

அச்சுறுத்தல் மூன்றாவது வழி. பூச்சாண்டி பிடித்துப் போவான் என்று கூறுதல் ஒருபுறமிருக்க, ‘தூங்காவிட்டால் சாமி கண்ணைக் குத்தும்’ என்று கூறும் வழக்கம் சைவ இல்லங்களிலும் உண்டு. கண்ணப்பருக்காகத் தன் கையை நீட்டித் தடுத்தருளிய பெருமானைக் கண் குத்துவோனாக மழலைக்கு அறிமுகம் செய்கின்றோம்! ஓர் உயிர் இறைவனைப் பற்றிக் கேட்கும் முதற் சித்தாந்தம் இதுவாயின், பின்னர் எத்துணைச் சாத்திரம் ஓதியும் என் பயன்? சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. அச்சத்தைச் சார்ந்து உறங்கிய மகவு அச்சத்தின் வண்ணமாகவே எழும். சினந்த தாயின் மார்பைச் சார்ந்த மகவுக்கு உறக்கம் வாராமைக்கும் இதுவே காரணம்; தாயின் உள்ளத்துக் கொதிப்பு மகவினிடத்துப் பற்றுகின்றது.

உண்மை மறக்கருணை

அங்ஙனமாயின் மகவு விரும்பியவாறெல்லாம் விழித்திருக்க விடுதலோ அறம் எனின், அன்று. இடங்கொடுத்து வளர்த்த மகவு இளைப்பினால் வருந்தும்; அதனை வருந்தவிடுதல் அன்பாகாது. மறக்கருணை வேண்டும், ஆயின் அதன் வடிவம் யாது என்பதிலேயே பலர் பிறழுகின்றனர்.

உயிர்கள் பக்குவமெய்தும்பொருட்டு இறைவன் செய்யும் மறக்கருணைகளுள் திரோதானம் முதன்மையானது. அஃது அடித்தலன்று; மறைத்தல். அருட்சத்தியே மலத்தின்வழி நின்று அதனை முதிர்விப்பது பற்றி உபசாரமாக மலம் எனப்பட்டதன்றி, அதன் இயல்பு அருளே என்பது நூற்றுணிபு. பெற்றோர் இரவிற் பின்பற்றற்குரியது இம்மறைத்தற்றொழிலே. விளக்கொளியை மறைத்தல், விளையாட்டுப் பொருள்களைக் கண்ணுக்கு மறைத்தல், தம் குரலின் உயர்வைத் தணித்தல், நான்காம் முறை கேட்ட தண்ணீரைச் சினமின்றி மறுத்தல், எழுந்தோடிய மகவைச் சொல்லாடாது தூக்கிவந்து மீண்டும் அப்பாயிலே கிடத்துதல், பத்து முறை எழுந்தால் பத்து முறையும் அவ்வாறே செய்தல். குறும்புக்கு நகையும் வெகுளியும் ஆகிய இரண்டும் கிடையாவாயின், அதற்கு எதிரே விளையாட ஒருவரும் இலராவர். மகவுக்கு இது கடுமையாகத் தோன்றும், அழவும் செய்யும். உள்ளிருப்பது அருள் என்பது பின்னர் விளங்கும். இவ்வாறு தளராது நிற்றற்கு அடித்தலினும் மிக்க வலிமை வேண்டும் என்பதைச் செய்து பார்த்தார் அறிவர்.

மறைத்தலோடு ஒழுங்கும் வேண்டும். அறிவு விளங்குதற்கு முன்னரே உடம்பினால் ஒன்றை நாள்தோறும் செய்து பழகுதல் சரியையின் சிறப்பு. ஈராண்டு மகவுக்கு ஏற்ற நெறியும் அதுவே. ஒரே பொழுதில் உணவு, ஒரே பொழுதிற் கை கால் கழுவுதல், நெற்றியில் திருநீறு, ஒரே தாலாட்டு, அதே பாய் என வரும் முறையை அதன் உடம்பு கற்றுக்கொள்ளும். கருவிகள் கழலும் படிகள் அவையேயாம். நம் திருக்கோயில்கள் இதனை நாள்தோறும் கண்முன் நடத்திக் காட்டுகின்றன. மதுரையிலும் தில்லையிலும் அர்த்தசாமத்தின் பின்னர்ப் பள்ளியறை வழிபாடு நிகழ்கின்றது. சிவிகை மெல்லச் செல்லும், பால் நிவேதனமாகும், திரை வீழும், கதவு சாத்தப்படும். உறக்கமென்பதே இல்லாத பெருமானுக்கு இத்துணை மென்மையோடு துயில்முறை செய்யும் நாம், உறக்கம் இன்றியமையாத மழலைக்கு அதிற் பாதியேனும் செய்தல் வேண்டாவா?

இஃது ஒருத்தியால் மட்டும் நடைபெறுவதன்று. பகலில் வீட்டு வேலை அனைத்தையும், இரவில் மகவையும் தாய் ஒருத்தியின் தலையிற் சுமத்திவிட்டு, அவள் பொறை இழந்தபோது அவளைப் பழித்தல் அறத்தின்பாற்படாது. அவளுடைய சினத்திற் பெரும்பகுதி அவளுக்குக் கிட்டாத துயிலே. தந்தையும் பாட்டனும் பாட்டியும் முறை வகுத்துக்கொண்டு இரவைப் பகிர்ந்துகொள்ளுதல் வேண்டும். நாகனும் சிவபாதவிருதயரும் தம் மழலையின் பக்கத்தில் நின்ற தந்தையர் என்பதை ஆடவர் நினைவிற் கொள்க.

முடிவுரை

இவ்வாராய்ச்சி துறவறத்தார்க்குப் புறம்பானது என்று எண்ணற்க. மாணவனைப் பெற்ற ஆசிரியனுக்கும் இவ்விரவு உண்டு. மலபரிபாகமும் இருவினையொப்பும் சத்திநிபாதமும் ஆசிரியன் ஆணைக்கு வருவன அல்ல. அவன் செய்யத்தக்கது தடைகளை விலக்கி, ஒழுக்கத்தில் நிறுத்தி, பக்குவம் நோக்கிக் காத்திருத்தலே. துயிலின் வருகையும் அத்தகையதே. ஒப்பு வரும்முறையில் மட்டுமே என்க. இயல்பால் ஒன்று இருள், மற்றொன்று ஒளி. ஆயினும், தன் ஆணைக்கு வாராத ஒன்றின்பொருட்டுச் சினவாது காத்திருக்கும் பயிற்சியை இல்லறத்தான் தன் மகவின் பாயருகே பெறுகின்றான். ஆசிரியன் தன் மாணவனிடத்துப் பெறுகின்றான். மெய்கண்டதேவர் மழலைப் பருவத்திலேயே உபதேசம் பெற்றார் என்று போற்றும் குருமரபினர் நாம். அப்பருவத்து உயிரின்மேற் கையோங்குதற்கு முன் ஒருமுறை நின்று எண்ணுதல் நமக்குத் தகும்.

ஆதீனத்துப் பெரியோர்களும் சைவ விரிவுரையாளர்களும் சித்தியாரின் அவ்விடத்தை இல்லறத்தார்க்கு எடுத்துரைக்கும்போது, கோலைக் காட்டுவதோடு நில்லாது, அக்கோலைப் பிடித்த கையில் இருக்கவேண்டிய அன்பையும், துயில் ஆணைக்கு அடங்காது என்னும் உண்மையையும் சேர்த்து உரைப்பாராக. அதனால் எத்தனையோ இல்லங்களில் இரவுப்பொழுது அழுகையின்றிக் கழியும்.